எச். பைலோரி: மருந்து முடித்த பிறகும் ரத்தத்தில் பாசிட்டிவ், அடுத்து எந்த டெஸ்ட்?

கேள்வி:
மேல் வயிற்றில் எரிச்சல், கொஞ்சம் சாப்பிட்டாலே உப்புசம் என்று போனேன். ரத்தப் பரிசோதனையில் எச். பைலோரி (இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியா) ஐஜிஜி பாசிட்டிவ். 14 நாள் ஆன்டிபயாடிக் கோர்ஸை ஒரு வேளைகூட விடாமல் முடித்தேன். பத்து நாள் கழித்து நானாகவே அதே டெஸ்டைத் திரும்ப எடுத்தால் மறுபடியும் பாசிட்டிவ். கிருமி சாகவே இல்லையா? ஒருவர் மூச்சு டெஸ்ட் என்கிறார், இன்னொருவர் மல டெஸ்ட் என்கிறார், எண்டோஸ்கோபிதான் சரி என்று ஒருவர் பயமுறுத்துகிறார். எதைத்தான் எடுப்பது?

பதில் 1:
முதலில் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். ஐஜிஜி டெஸ்ட் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் கிடக்கும். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அது உதவவே உதவாது.

பதில் 2:
மூச்சு டெஸ்டும், மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் டெஸ்டும்தான் இப்போது கிருமி இருக்கிறதா என்று சொல்லும். மூச்சு டெஸ்டில் கார்பன் 13 அல்லது 14 சேர்த்த யூரியாவை விழுங்கத் தருவார்கள். இந்தக் கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு, அது யூரியாவை உடைத்தால் அந்தக் கார்பன் கரியமில வாயுவாக மூச்சில் வந்துவிடும், அதை ஊதி அளக்கிறார்கள், அவ்வளவுதான். 14-இல் மிகக் குறைந்த கதிரியக்கம் உண்டு, அதனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தவிர்ப்பார்கள். 13-இல் அந்தக் கவலையே இல்லை. மல டெஸ்டும் துல்லியத்தில் கிட்டத்தட்ட அதற்கு இணைதான், மாதிரி எடுத்துக் கொடுக்கத்தான் பலருக்குக் கூச்சம்.

பதில் 3:
இரண்டிலும் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே மூச்சு டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சில மாதத்தில் திரும்ப எடுத்தபோது பாசிட்டிவ். அந்த வகை மாத்திரை கிருமியைக் கொல்லாது, ஆனால் அடக்கி வைத்து ஏமாற்றிவிடும். டெஸ்டுக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் (இந்தக் கிருமிக்குச் சிலருக்குத் தரும் இன்னொரு மருந்து) என்றால் நான்கு வாரம். டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

பதில் 2:
ஆமாம், அதை எழுத மறந்துவிட்டேன். எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத் துணுக்கு டெஸ்டுக்கும் இதே விதிதான். எடை குறைவது, கருப்பாக மலம் போவது, ரத்தசோகை, விழுங்கச் சிரமம், இதெல்லாம் இருந்தால் மற்ற டெஸ்டுகளுக்காகக் காத்திருக்காமல் எண்டோஸ்கோபிக்குப் போய்விடுங்கள். கிருமி போய்விட்டதா என்று பார்க்க மட்டும் குழாய் விட வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:
நீங்கள் சொன்ன அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் பான்டோபிரசோல் இன்று காலைகூடப் போட்டேன். கோர்ஸ் முடிந்தே இன்றைக்குப் பன்னிரண்டு நாள்தான்.

பதில் 1:
அப்படியானால் இப்போது எதையும் எடுக்காதீர்கள். கோர்ஸ் முடிந்து குறைந்தது நான்கு வாரமாவது ஆகட்டும், கடைசி இரண்டு வாரம் அந்த மாத்திரை இல்லாமல். இடையில் எரிச்சல் தாங்காவிட்டால் சாதாரண ஆன்டாசிட் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் மூச்சோ மலமோ, எது எளிதாகக் கிடைக்கிறதோ அது.