நரம்பில் ஏறிய வெள்ளை மருந்து: குறைமாதப் பிள்ளையுடன் இருந்த நாட்கள்

தாய், ஒட்டுசுட்டான்:

எனது மகள் 29ஆம் வாரத்தில் 1,100 கிராம் நிறையுடன் பிறந்தாள். ஏ9 வீதியால் இரவோடிரவாக அம்புலன்சில் கொண்டுசென்று சேர்த்த வைத்தியசாலையில், மறுநாள் காலை, பிள்ளையின் முகத்துக்கு முன்னரே என் கண்ணிற்பட்டது பம்பில் பூட்டியிருந்த ஊசிக்குழாயும் அதற்குள் பால்போல் நின்ற திரவமும்தான். அம்மா பதறிப்போய், “பாலை நரம்பிலயோ விடுறாங்கள்?” என்று தாதியிடமே கேட்டுவிட்டார்.

அது பாலன்று, சோயா எண்ணெயை முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுத்த பொஸ்போலிப்பிட்டு என்னும் கொழுப்புப் பொருளுடன் நுண்துளிகளாகக் கலந்த கொழுப்புக் குழம்பு என்றும், வயிறு போதிய பாலை ஏற்கும்வரை குளுக்கோசுடனும் அமினோ அமிலங்களுடனும் இதுவும் சேர்ந்தே அவளுக்குச் சாப்பாடு என்றும் தாதி விளக்கினார். உடலில் கொழுப்புச் சேர்வதற்கு முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காமல் விட்டால், மூன்று நாட்களுக்குள்ளேயே அத்தியாவசியக் கொழுப்பமிலக் குறைபாடு தலைகாட்டக்கூடுமாம்.

பம்பின் எண்ணைப் பார்த்திருப்பதே என் வேலையாயிற்று. மணித்தியாலத்துக்கு 0.2 மில்லிலீற்றரில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, 0.7 வரை கொண்டுவந்தார்கள். ஐந்தாம் நாள் இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைட்டு என்னும் இரத்தக் கொழுப்பு கூடியிருந்ததென்று பாதியாகக் குறைத்தபோது, பிள்ளையின் சாப்பாட்டையே குறைக்கிறார்களே என்று அழுதேன். ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அழுகைக்கு இடமிருந்திராது.

தாதி, பரந்தன்:

தங்கச்சி, உங்கள் மனக்குறை நியாயமானது. நேரமில்லை என்று நாங்கள் சொல்லும் சாட்டு தாய்மாருக்கு உதவாது. 20 வீதக் குழம்பில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.2 கிராம் கொழுப்பும் 2 கிலோகலோரியும் உண்டு. கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 1 கிராம் என்று கணக்கிட்டால் உங்கள் மகளுக்கு 5.5 மில்லிலீற்றர், அதை 24 மணித்தியாலத்துக்குப் பிரித்தால் வருவதுதான் அந்த 0.2. 0.7 என்பது அதே கணக்கில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம், அது 4 கிராமைத் தாண்டக்கூடாது. கொழுப்பை உடைக்கும் நொதி இப்பிள்ளைகளில் குறைவாகவே வேலை செய்வதால், அதிலும் கிருமித்தொற்று ஏற்பட்ட வேளையில், உடைபடாத கொழுப்பு இரத்தத்திலேயே தேங்கிவிடும், ஆகவேதான் குறைத்திருப்பார்கள்.

ஊசிக்குழாயையும் குழலையும் உறையால் மூடியிருந்தார்களா? வெளிச்சம் பட்டால் கொழுப்பில் பெரொக்சைட்டுகள் என்னும் தீங்கான பொருட்கள் உருவாகும் என்பதே அதற்குக் காரணம். உங்கள் அம்மா கேட்டதையும் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இரண்டும் ஒரே நிறம். வயிற்றுக் குழலுக்குரிய பால் தவறி நரம்பில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. இணைப்பை மாற்றும் ஒவ்வொரு தடவையும் குழலைப் பம்பிலிருந்து பிள்ளையின் உடல்வரை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்ப்பது என் வழக்கம்.

தாய், ஒட்டுசுட்டான்:

ஆம் அக்கா, மண்ணிற உறை போட்டிருந்தார்கள். இரண்டாம் நாளே கறந்த சீம்பாலை மூக்குக் குழலால் 1 மில்லிலீற்றர் வீதம் கொடுக்கத் தொடங்கினோம். பால் கூடக்கூட மருந்து குறைந்து, 13ஆம் நாள் அந்த ஊசிக்குழாயைக் கழற்றினார்கள். வெறுமனே நின்ற பம்பைக் காட்டி அம்மா கேட்டார்: “இனி இதுக்க என்னத்தை விடப்போறாங்கள்?”