மண்டபத்தில் மைக் கத்துகிறது: 500 வாட்ஸ் ஆம்ப் வாங்கினால் தீருமா?

கேள்வி – கூடப்பொறுப்பு
சமுதாயக் கூடத்தில் 250 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர், 100 வோல்ட் லைன் (ஒரே ஒயரில் பல ஸ்பீக்கர்களை இணைக்கும் முறை). மேடையை ஒட்டிய சுவரில் 4 ஸ்பீக்கர் பெட்டிகள், ஒவ்வொன்றும் 40 வாட்ஸ் டேப்பில் (பெட்டி எடுக்கும் வாட்ஸைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு). மேடையில் 4 மைக். பின்வரிசைக்குப் பேச்சு கேட்பதில்லை. வால்யூமை ஏற்றினால் ‘கூ…’ என்று கத்துகிறது. 500 வாட்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில் – டெசிபல்தாசன்
வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். உங்களுக்கு அதுகூடப் பயன்படாது. பெட்டியிலிருந்து மைக்குக்குத் திரும்பி வரும் சத்தம், மைக்கில் முதலில் விழுந்த சத்தத்துக்குச் சமமானதும் ஏதாவது ஒரு ஃப்ரீக்வென்சி (ஒலியின் அதிர்வெண்) பிடித்துக்கொண்டு கத்தும். ஆம்ப் 250 வாட்ஸானாலும் 5,000 வாட்ஸானாலும் கத்துவது அதே சத்த அளவில்தான்.

வாய்க்கும் மைக்குக்கும் 20 செ.மீ. இருந்தால் 5 செ.மீ. ஆக்குங்கள். 12 டெசிபல் கிடைக்கும், அதாவது 16 மடங்கு வாட்ஸுக்குச் சமம், செலவில்லாமல்! நெருங்கிப் பேசினால் பேஸ் (கனத்த அடிக்குரல்) ஊதும். 120 ஹெர்ட்ஸ் பக்கம் லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் வசதி) போடுங்கள். பேசுபவரின் மைக் தவிர மற்றதை மூடிவிடுங்கள். நான்கும் திறந்திருந்தால் 6 டெசிபல் நஷ்டம். பெட்டிகள் மைக்கைவிட மேடையின் உள்பக்கம் இருந்தால், மைக்கைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் நகர்த்துங்கள்.

பதில் – ஒயர்மேன்
மேலே சொன்னது சரி. மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள் (மேடைப் பாடகர்களைப் பார்த்து வந்த பழக்கம்). கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் வகை) பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுவது அங்குள்ள துளைகளால்தான். அதை அடைத்தால் எல்லாப் பக்கமும் இழுக்கும்.

இதற்குப் பிறகே ஈக்வலைசர் (ஒலியைப் பேண்டுகளாக, அதாவது ஃப்ரீக்வென்சி பட்டைகளாகப் பிரித்து ஏற்றி இறக்கும் கருவி). 31 பேண்ட் என்றால் வால்யூமை மெல்ல ஏற்றி, ரீங்காரம் தொடங்கும் பேண்டை 3 டெசிபல் இறக்குங்கள். அடுத்தது வந்தால் அதையும். ஐந்தாறு பேண்டுக்கு மேல் வெட்டினால் குரலே செத்துவிடும். அப்படியானால் கோளாறு மைக், பெட்டி வைத்த இடத்தில்.

கேள்வியாளர்
ஒரே மைக், நெருங்கிப் பேச்சு: கத்தல் நின்றது. பின்வரிசை இன்னும் மந்தம்தான். அதே லைனில் 20 வாட்ஸ் பெட்டி இரண்டு சேர்க்கட்டுமா?

பதில் – டெசிபல்தாசன்
பளு 200 வாட்ஸ் ஆகும், ஆம்ப் தாங்கும். சிக்கல், சத்தம் வந்துசேரும் நேரத்தில்தான். புதுப் பெட்டி முன்பெட்டியிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால், முன்பெட்டிச் சத்தம் அங்கே சுமார் 43 மில்லி செகண்ட் பிந்தி வரும், பேச்சு குழறும். ஒரே லைனில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சிக்னல்தான் என்பதால் அங்கே மட்டும் டிலே (சத்தத்தைத் தாமதப்படுத்துவது) கொடுக்க வழியில்லை. மிக்ஸரிலிருந்து தனி அவுட், டிலே, 60 வாட்ஸ் சின்ன ஆம்ப், அந்த இரண்டு பெட்டி என்று பிரியுங்கள். டிலேயை 43-க்கு மேல் ஐந்தாறு மில்லி செகண்ட் கூட்டி வையுங்கள். பேச்சு மேடையிலிருந்தே வருவதுபோல் இருக்கும்.