பொலிசுக்கு போன் ஒட்டுக்கேக்குற வசதிய கூட்டிக் குடுக்கலாமா?

தலவாக்கலை பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்டத்து இளைஞர் கழகத்துல அடுத்த கூட்டத்துக்கு இதத்தான் பேச வச்சிருக்கோம். காரணம் ஐஸ் போதைப்பொருள். நாங்க இருக்குற லயத்து வீடுகளுக்குள்ளயே வந்துருச்சு, யாவாரம் முழுக்க போன்லதான் நடக்குது. பெரியவங்க சொல்றாங்க, பொலிசுக்கு எல்லா கோலையும் கேக்குற மெஷின் குடுத்தா சீக்கிரமா புடிச்சிருவாங்கனு. பொடியனுங்க பாதிப்பேரு வேணாங்குறாங்க, நாளைக்கு சம்பளப் போராட்டம்னு வந்தா அதே மெஷின் நம்ம பக்கம் திரும்பும்னு. ரெண்டும் நியாயமாத்தான் படுது. சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஸ்கெலியா மலர்:
தம்பி, நான் வேணும்னுதான் சொல்லுவேன். எங்க சித்திக்கு ஒருத்தன் கோல் எடுத்து பரிசு விழுந்திருக்குனு சொல்லி, போனுக்கு வந்த நம்பர கேட்டு வாங்கி, பேங்குல இருந்த ஈ.பி.எஃப் காச பூரா எடுத்துட்டான், காலம் பூரா கொழுந்து பறிச்ச காசு அது. சிம் வேற யாரோ பேர்ல. கடைசில எந்த டவர்ல இருந்து பேசுனான்னு பாத்துத்தான் ஆள புடிச்சாங்க. இந்த வசதி இல்லாட்டி நம்மள மாதிரி ஆளுங்களுக்கு யாரு இருக்கா?

பண்டாரவளை வாசகன்:
அக்கா, சித்திக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனா அங்க ஆள புடிச்சது ஒட்டுக்கேட்டு இல்ல. யாரு யாருக்கு எப்ப எடுத்தாங்க, எந்த டவர்லனு கம்பனிகிட்ட பதிவு இருக்கும், அத வாங்குறது வேற, பேச்சயே கேக்குறது வேற. நம்ம இலங்கையில 2007 கணினிக் குற்றச் சட்டத்துலயே இது ரெண்டுக்கும் நீதவான்கிட்ட வாரண்ட் வாங்கலாம்னு இருக்கு, அவசரம்னா வாரண்ட் இல்லாமலும் செய்யலாம், எனக்கு பயம் அந்த அவசரத்துலதான்.

தம்பி, ஐஸ் விக்கிறவன் சாதா கோல்லயா பேசுறான்? வட்ஸ்அப்ல பேசுறத கம்பனி லைன்ல நின்னு கேக்க முடியாது, அந்தப் போனுக்குள்ளயே உளவு சொஃப்ட்வெயார ஏத்தணும், அது ரொம்ப செலவு. அப்ப லைன்ல மாட்டுறது யாரு? பட்டன் போன் வச்சிருக்குற நம்ம அப்பா அம்மா பேச்சுதான். இன்னொன்னு இருக்கு, டவர் மாதிரி நடிக்கிற பெட்டி, சுத்துவட்டாரத்துல இருக்குற போன் எல்லாத்தயும் தன் பக்கம் இழுக்கும். நம்ம மலையில சிக்னலே கெடைக்காத எடத்துல இத வச்சா ஒருத்தன தேடப்போயி நாலு லயம் முழுக்க அதுல மாட்டும்.

செலவுனா மெஷின் வெல மட்டும் இல்ல. கேக்குறதுக்குனு போட்ட வழியில யாரும் பூரலாம். கிரீஸ்ல 2004, 2005ல டெலிபோன் நெட்வேர்க்ல இருந்த அந்த வசதியவே யாரோ களவா திருப்பிவிட்டு பிரதமரோட போன் உட்பட 100க்கு மேல போன கேட்டாங்க, யாருன்னு அப்ப புடிபடவே இல்ல. அமெரிக்காவுல 1994ல இருந்து கம்பனிங்க இந்த வழிய வச்சே ஆகணும்னு சட்டம், 2024ல சீன ஹேக்கர்மார் அதுக்குள்ளயும் போயிட்டாங்கனு அந்த அரசாங்கமே சொல்லிச்சு.

நோர்வுட் பெரியவர்:
மகன், நான் தொழிற்சங்கத்துல இருந்த ஆள். பயங்கரவாத தடைச் சட்டம் 1979ல தற்காலிகம்னுதான் வந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் போச்சா? நம்ம மலையகத்து புள்ளைங்க எத்தன பேரு அதுல உள்ள போயி வருசக்கணக்கா கெடந்தாங்க. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு முன்னாடி, 4ஆந் தேதியே இந்தியாவுல இருந்து தகவல் வந்தாச்சு. கேக்க மெஷின் இல்லாமயா 250க்கு மேல சனம் செத்துச்சு? கையில வந்தத யாரும் பாக்கல. 2023ல உச்ச நீதிமன்றமே, அத தடுக்காம விட்டதுக்கு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவ 10 கோடி ரூவா நட்டஈடு கட்டச் சொல்லிச்சு. அதுக்குப் பொறகும் இன்னும் கேக்குற மெஷின் வேணும்னா எதுக்குனு கேளுங்க.

தலவாக்கலை பொடியன்:
ரொம்ப நன்றி ஐயா, அண்ணே. ஒரு சந்தேகம், நம்ம போன கேட்டாங்கனே நமக்கு தெரியாட்டி எப்படி முறைப்பாடு போடுறது?

பண்டாரவளை வாசகன்:
சரியான கேள்வி தம்பி. அமெரிக்காவுல 1968 சட்டத்துல குற்ற விசாரணைக்கு கேக்குற ஒரு உத்தரவு 30 நாளைக்குத்தான், திரும்ப வேணும்னா திரும்ப நீதிபதிகிட்ட போகணும், முடிஞ்சு 90 நாளைக்குள்ள அந்த ஆளுக்கு உன் போன கேட்டோம்னு சொல்லணும், கோர்ட் அனுமதிச்சா மட்டும் தள்ளிப் போடலாம். அப்படி இருந்தும் அங்கயே தப்பு நடக்குது. கூட்டத்துல இந்த ரெண்டையும் கோரிக்கையா எழுதி, சிங்களத்துலயும் ஒரு கொப்பி போட்டு நுவரெலியா எம்.பிமார் எல்லாருக்கும் அனுப்புங்க. மலர் அக்காவையும் கூட்டத்துல பேச வைங்க, சித்தி கத அங்க வரணும்.