சில்லறைக்கு இரண்டு விசில்

(வீட்டில் வளர்க்கும் பிராணிகளோடு கிடைத்த அனுபவங்களைப் பலர் பகிர்ந்துகொண்ட ஓர் உரையாடல்.)

திண்டுக்கல்காரன்:

அப்பா 34 வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். கடைசி 12 வருஷம் திண்டுக்கல் – நத்தம் ரூட். ரிட்டயர் ஆன மறுநாளும் காலை மூன்றரைக்கு எழுந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். போக இடமில்லை. அப்படியே எட்டு மாதம் ஓடியது. சர்க்கரை ஏறியது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். "34 வருஷம் நின்னாச்சு, இனி நடக்க வேறயா?" என்று மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஐப்பசி மழையில் சாக்கடை ஓரம் கிடந்த ஒரு நாய்க்குட்டியை என் மகள் தூக்கி வந்தாள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டார். அதுவும் சமர்த்தாகப் படியிலேயே படுத்துக்கொண்டு யாரையும் போகவர விடவில்லை. அப்போதுதான் எட்டு மாதமாகக் கேட்காத அந்தக் குரல் அப்பாவிடமிருந்து வந்தது: "படியில நிக்காத! உள்ள போ, உள்ள எடம் இருக்குல்ல!" குட்டி மிரண்டு உள்ளே ஓடிவிட்டது. அம்மாவின் சட்டம் அன்றோடு காலி.

அப்பா வைத்த பெயர் சில்லறை. சர்வீஸ் முழுக்கக் கேட்டுக் கிடைக்காதது, இப்போதாவது கூப்பிட்டால் வரட்டும் என்றார். தெருமுனையில் நின்று "சில்லறை, சில்லறை" என்று அவர் கூப்பிட்டால் பெட்டிக்கடை அண்ணாச்சி இன்றைக்கும் "இல்லையே சார்" என்பார்.

அப்புறம் பரணிலிருந்து பழைய விசில் இறங்கியது. ஒன்று ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். இதைப் பழக்க மூன்று வாரமும் நிறைய பிஸ்கட்டும் ஆனது. காலை 5.10-க்கு முதல் ட்ரிப், மாரியம்மன் கோயில் வரை போய் வருவது. சாயங்காலம் 6 மணிக்கு அடுத்தது. நடுவில் டீக்கடை ஸ்டாப்பிங். ஒரு நாள் 5.25-க்குக் கிளம்ப நேர்ந்ததற்கு அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 9.1 சதவீதத்தில் இருந்து 7.4-க்கு வந்திருக்கிறது. எல்லாம் நாயால்தான் என்று சொல்ல மாட்டேன், நடுவில் மாத்திரையையும் மாற்றினார்கள். ஆனால் மாத்திரைக்காக அவர் விடியற்காலையில் செருப்பைத் தேடியதில்லை. பாசமெல்லாம் அப்புறம். அப்பாவுக்கு முதலில் கிடைத்தது ஒரு டூட்டி.

மாடிவீட்டு டீச்சர்:

நான் சென்னையில் தனியாக இருக்கிறேன். நாலு வருஷமாக ஒரே கட்டடம், எதிர் வீட்டுக்காரர் பெயர் கூடத் தெரியாது. தத்தெடுத்த பூனைதான் தெரிய வைத்தது. எங்கள் வீட்டில் அதன் பெயர் மணி. எதிர் வீட்டில் கண்ணம்மா. கீழ் வீட்டுத் தாத்தாவுக்கு வெறும் "ஏய்". மூன்று வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு மூன்று வீட்டிலும் பசி என்று கத்தும். ஏன் இப்படிக் குண்டாகிறது என்று விசாரிக்கப் போய்த்தான் பேச்சே ஆரம்பித்தது. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி எதிர் வீட்டிலிருந்து வந்தது.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. ஒருமுறை மணிக்கு உடம்பு சுட்டது, நமக்குப் போடும் பாராசிட்டமாலில் கால்வாசி கொடுக்கலாமா என்று டாக்டருக்கு போன் செய்தேன். போனிலேயே கத்தினார். பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாதாம், சின்ன அளவே உயிரை எடுத்துவிடுமாம். நல்ல வேளை, கேட்டுவிட்டுச் செய்தேன்.

கரூர் மாமா:

என் கதை சந்தோஷமானதில்லை, ஆனாலும் இங்கேதான் சொல்ல வேண்டும். நாய்க்குட்டி வந்து ஒன்பதாவது நாள் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து செத்துப்போய்விட்டது. வாந்தி, ரத்தபேதி, இரண்டே நாள். வெளியே விடாமல்தானே வளர்க்கிறோம் என்று ஊசியைத் தள்ளிப்போட்டிருந்தேன். நம் செருப்போடு கூட அந்தக் கிருமி வீட்டுக்குள் வரும் என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, அப்புறம் மூன்று நாலு வார இடைவெளியில் அடுத்தடுத்து. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அதை வருஷா வருஷம். ஒரு வருஷம் கழித்து இன்னொரு குட்டி கொண்டுவந்தோம். முதல் நாளே ஊசி அட்டை வாங்கி காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டாள் என் மனைவி.

பச்சைத்துண்டு:

எங்கள் பாட்டி வீட்டுக் கிளி மாதிரி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாடிவீட்டு டீச்சர்:

நம்ம ஊர்ப் பச்சைக்கிளி என்றால் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். மொட்டைமாடியில் கொஞ்சம் தானியமும் தண்ணீரும் வைத்துப் பாருங்கள், தானாக வந்தாலும் வரும்.

லேப்காரன்:

கண்டக்டர் ஐயாவுக்கு ஒரு செய்தி. 2015-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் ஒன்று பார்த்தார்கள். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் அதிக நேரம் பார்த்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஆக்சிடோசின் கூடுகிறது. தாயும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளும்போது கூடுகிற அதே ஹார்மோன். கையிலேயே வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. அப்புறம், சில்லறை என்ன ஜாதி? ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

திண்டுக்கல்காரன்:

எங்கள் தெரு ஜாதிதான். தபால்தலையில் வந்த ராஜபாளையத்துக்குக் கொஞ்சமும் சொந்தமில்லை. ஜப்பான் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கண்ணைப் பார்த்தா டிக்கெட் எடுத்தவனா இல்லையான்னு எனக்கே தெரியும், இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா?" என்றார்.

தீபாவளி இரவைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் சரவெடிக்கே சில்லறை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. விசிலுக்கும் வரவில்லை, பிஸ்கட்டுக்கும் வரவில்லை. அப்பா ஜன்னல்களைச் சாத்தினார், ரேடியோவைச் சத்தமாக வைத்தார், முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி வைத்துக்கொண்டார். பத்தரைக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "வண்டி பிரேக்டவுன்ல நிக்குது, பாசஞ்சரை விட்டுட்டு நான் எப்படி வர்றது?" என்றார். தட்டு அங்கேயே போனது.