பைப் விளக்கைத் தொட்டால் சுர்ரென்கிறது, அறை வேறு ஹார்டுவேர் கடை மாதிரி இருக்கிறது. உதவி தேவை

நீராவிநேசன்:

வணக்கம் மக்களே. திருவான்மியூரில் எங்கள் ஃபிளாட்டில் 10க்கு 11 அடி அறை ஒன்று சும்மா கிடந்தது. பழைய பேப்பர்க் கட்டும் அம்மாவின் கொலுப்படியும்தான் அதில் குடியிருந்தன. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் அதை ஸ்டீம்பங்க் அறையாக மாற்றிவிடலாம் என்று ஆசை வந்துவிட்டது. தெரியாதவர்களுக்கு: நீராவி எஞ்சின் காலம் முடியாமலேயே தொடர்ந்திருந்தால் இன்றைய வீடும் சாமானும் எப்படி இருக்கும் என்ற கற்பனைதான் ஸ்டீம்பங்க். 1987இல் ஒரு அமெரிக்க எழுத்தாளர் தங்கள் வகைக் கதைகளுக்கு விளையாட்டாக வைத்த பெயர், இப்போது வீட்டு அலங்காரம் வரை வந்து நிற்கிறது. பித்தளை, செம்பு, தோல், கருத்த மரம், பைப், பல் சக்கரம், இந்த வகையறா.

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்ட வேலை. அரை இன்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), எல்போ என்கிற வளைவு, T வடிவ இணைப்பு எல்லாம் பூட்டி மேஜை விளக்கு ஒன்று செய்து, மேலே செம்பு நிற ஸ்ப்ரே அடித்து, திருகு ஹோல்டரில் எடிசன் பல்ப் (உள்ளே இழை தெரிகிற பழைய பாணி) போட்டேன். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் தரையைத் துடைத்துவிட்டு ஈரக்காலோடு விளக்கை நகர்த்தினேன், விரலில் சுர்ரென்றது. அதற்கப்புறம் பைப்பில் டெஸ்டரை வைத்தால் டெஸ்டரின் விளக்கு எரிகிறது, மங்கலாக. இது சகஜமா, கவலைப்பட வேண்டுமா?

வெளிச்சத்தைக் குறைக்கப் பழைய ஃபேன் ரெகுலேட்டரை இடையில் போட்டிருக்கிறேன், எல்.இ.டி. எடிசன் பல்ப் அதில் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்ப்ரே பெயின்ட் நகம் பட்டாலே உரிகிறது. சுவரில் மாட்டிய பித்தளைத் தட்டும் கடிகார வளையமும் பச்சை பூத்துவிட்டன, கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். எல்லாவற்றுக்கும் மேலே, அறை நான் நினைத்த மாதிரி வரவேயில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, பிளம்பர் பாதியிலே விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார். வலித்தது, ஏனென்றால் உண்மை.

கரண்ட்கம்பி:

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். இதைப் படித்து முடிக்கும் முன்பே. அலங்காரம் எல்லாம் அப்புறம் பேசலாம்.

பிடுங்கிவிட்டு மூன்று பதில் சொல்லுங்கள்: பிளக் இரண்டு பின்னா மூன்று பின்னா? உள்ளே ஓடுவது எத்தனை கோர் (தனித்தனி உள்கம்பி) ஒயர்? பைப்பை வெட்டிய பிறகு வாயின் உள்பக்கம் அரம் போட்டீர்களா?

நீராவிநேசன்:

பிடுங்கிவிட்டேன் அண்ணா. இரண்டு பின். பழைய டேபிள் ஃபேனில் கழற்றி வைத்திருந்த இரண்டு கோர் ஒயர்தான். பைப்பைக் கடையிலேயே வெட்டி மரை போட்டுக் கொடுத்தார்கள், அரமெல்லாம் போடவில்லை. போட வேண்டுமா?

கரண்ட்கம்பி:

அங்கேதான் வினை. வெட்டிய பைப்பின் உள்விளிம்பில் பிசிறு நிற்கும், விரலை விட்டுத் தடவினால் கத்தி மாதிரி இருக்கும் (மெதுவாகத் தடவுங்கள்). எல்போ வழியாக ஒயரை இழுக்கும்போது அந்தப் பிசிறு இன்சுலேஷனைச் சீவிவிடும். பழைய ஃபேன் ஒயர் என்றால் பி.வி.சி. ஏற்கெனவே விறைத்துப் போயிருக்கும், இன்னும் சுலபம். எர்த் இருந்திருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிருக்கும், இல்லை ஃப்யூஸாவது போயிருக்கும். உங்களிடம் இரண்டு கோர், எர்த்துக்கான மூன்றாவது இல்லை, அதனால் வழி தேடிக்கொண்டு காத்திருந்தது, ஈரக்காலோடு நீங்கள் போய்க் கொடுத்தீர்கள். ஒயர் முழுசாக இருந்தாலும் எர்த் இல்லாத உலோகத்தில் லேசான கசிவு தெரிவதுண்டு, உண்மைதான். உங்களுடையது அந்த ரகமா இந்த ரகமா என்று விரலை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

விளக்கை முழுக்கப் பிரியுங்கள். எல்லாத் துண்டிலும் வட்ட அரத்தால் பிசிறு எடுத்து, ஒயர் நுழைகிற இடத்திலும் வெளிவருகிற இடத்திலும் ரப்பர் புஷ் போடுங்கள். 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் ஃபிளெக்ஸிபிள் ஒயர் புதிதாக வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எர்த்துக்கான பச்சை ஒயர் நுனியில் வளைய லக் (ஸ்க்ரூ நுழைகிற உலோக வளையம்) போட்டு, அடிப்பைப்பில் துளை போட்டு மரை எடுத்து ஸ்க்ரூவால் இறுக்குங்கள். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய வேண்டும், பெயின்ட் மேலேயே இறுக்கினால் எர்த் இல்லாததற்குச் சமம். பலர் கவனிக்காத ஒன்று, மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு அறுந்திருக்கலாம். தண்ணீர் ஓடாத பைப்புக்கு டேப் எதற்கு? கழற்றிவிடுங்கள். கடைசியில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னில் ஒரு முனை, பைப்பின் ஒவ்வொரு துண்டிலும் மறு முனை. எல்லாவற்றிலும் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

திருகு ஹோல்டர் என்பதால் இன்னொன்று. ஃபேஸ் நடுப்புள்ளிக்குத்தான் போக வேண்டும், சுற்றியுள்ள மரைக்கு நியூட்ரல். மாற்றிக் கொடுத்தால் பல்பைக் கழற்றும்போது கை படுகிற மரையிலேயே 230 வோல்ட் இருக்கும். நம் ஊரில் பல்பை அழுத்தித் திருப்பி மாட்டுகிற ஹோல்டரில் பழகியவர்களுக்கு இது தெரிவதில்லை. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே எல்லாம் மாறிவிடும், மூன்று பின் கட்டாயம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். அது மோட்டாருக்குச் செய்தது. டிம்மபிள் என்று அச்சிட்ட எல்.இ.டி. பல்பும் அதற்கேற்ற டிம்மரும் வாங்கினால் துடிப்பு நிற்கும். நிஜ ஃபிலமென்ட் பல்ப் போடத் தோன்றும், 40 வாட்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும், மூடிய கண்ணாடி ஜாடிக்குள் அதைப் போடாதீர்கள்.

நீராவிநேசன்:

அண்ணா, கோடி நன்றி. ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன். பெயின்ட் எப்படியும் உரிகிறது, அதனால் அதை எடுத்துவிட்டு, பைப்பை கேஸ் டார்ச்சால் சுட்டுக் கருக்க வைக்கலாம் என்று பார்க்கிறேன். வீடியோவில் அழகாக வருகிறது.

மில்லுக்காரர் பேரன்:

சுடாதீர்கள் சுடாதீர்கள். ஜி.ஐ. பைப்பின் மேலே இருப்பது துத்தநாகம். சுட்டால் வெள்ளைப் புகை வரும், அதை இழுத்தால் ராத்திரி குளிர்ஜுரம் மாதிரி நடுங்க வைக்கும், வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் பார்த்த வீடியோவில் கருப்பு இரும்புப் பைப்பாக இருக்கும். பெயின்ட் உரிவதற்கும் அந்தத் துத்தநாகம்தான் காரணம், வழவழப்பு, சாதாரண பெயின்ட் பிடிக்காது. தின்னரால் எண்ணெயைத் துடைத்து, எட்ச் பிரைமர் ஒரு கோட் கொடுத்து, காய்ந்த பிறகு நிறம் அடியுங்கள், நகத்துக்கு அசையாது.

எங்கள் தாத்தாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் புழுங்கல் அரிசி மில் இருந்தது. நெல் அவிக்கிற பாய்லர், அதன் மேலே பித்தளை வளையம் போட்ட பிரஷர் கேஜ், கைச்சக்கர வால்வு. உங்களுக்கு வேண்டிய நிஜமான ஸ்டீம்பங்க் சாமான் பழைய மில்களில்தான் கிடக்கிறது, எடைக்குப் போடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: பழைய நீராவிப் பைப்பில் வெள்ளைக் கயிறோ சாம்பல் நிறப் பூச்சோ சுற்றியிருந்தால் தொடாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவந்து பிய்க்கிற வேலை வேண்டாம். பழைய பெயின்ட்டை உலர்ந்த சாண்ட்பேப்பரால் தேய்ப்பதும் கூடாது, ஈயம் இருக்கும்.

கேஜ் ஒன்று என்னிடம் சும்மாதான் இருக்கிறது. கூரியர் செலவை மட்டும் பார்த்துக்கொண்டால் அனுப்புகிறேன், தனியாகச் செய்தி போடுங்கள்.

கும்பகோணத்து அக்கா:

தம்பி, பித்தளையைப் பற்றி யாரும் பேசவில்லையே. தட்டு பச்சை பூத்தது உப்புக்காற்றால். அதைத் தேய்க்கும் முன்னால் காந்தம் எடுத்து வை. ஒட்டினால் அது இரும்பு, மேலே தங்க நிறப் பூச்சு மட்டும்தான். ஒட்டவில்லை என்றாலும் உடனே நம்பிவிடாதே, துத்தநாக வார்ப்பின் மேலும் பூசி விற்கிறார்கள். பின்பக்கம் மறைவாக அரத்தால் ஒரு கீறல் போடு. உள்ளேயும் மஞ்சளாக இருந்தால்தான் பித்தளை, வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு. பூச்சு போட்டதைப் புளியில் ஊறவைத்தால் இருந்ததும் போய்விடும்.

நிஜப் பித்தளை என்றால் பழைய புளியும் கொஞ்சம் உப்பும் போதும், குத்துவிளக்கு தேய்க்கிற அதே கைதான். பச்சை போகிற வரைக்கும் தேய், பளபளக்கிற வரைக்கும் தேய்க்காதே. உனக்கு வேண்டியது பழசு மாதிரி, பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். தேய்த்ததும் நன்றாகக் கழுவு, சந்து பொந்தில் புளியும் உப்பும் தங்கினால் அங்கிருந்தே மறுபடி பூக்கும். வெயிலில் ஒரு மணி நேரம் வை, சூடு இருக்கும்போதே தேன்மெழுகை மெல்லிய துணியால் தடவித் துடைத்து எடு. கடலோரத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு போட வேண்டியிருக்கும், அதற்குச் சோம்பல் என்றால் பித்தளை ஆசையை விட்டுவிடு.

பல்சக்கரப் பகைவன்:

அறை ஏன் நினைத்த மாதிரி வரவில்லை என்பதற்கு நான் வருகிறேன், கொஞ்சம் கடுமையாக இருக்கும். சுவரில் பல் சக்கரம் ஒட்டியிருக்கிறீர்களா? எத்தனை?

நீராவிநேசன்:

பதினேழு. 🙈 எம்.டி.எஃப். என்கிற மரநார்ப் பலகையில் லேசர் கட் செய்தது.

பல்சக்கரப் பகைவன்:

நினைத்தேன். ஒன்றோடொன்று பல் கடிக்காத சக்கரத்தை ஒட்டினால் அது பூ வரைந்த மாதிரிதான். ஊட்டி ரயிலை நினைத்துப் பாருங்கள். கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்தண்டு ஓடுகிறது, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கடித்துக்கொண்டுதான் 12 அடிக்கு ஒரு அடி ஏற்றத்தில் ஏறுகிறது. அந்தச் சக்கரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, அதனால்தான் பார்க்க அழகு. மேட்டுப்பாளையத்தில் வண்டி நிற்கும்போது எஞ்சின் அறைக்குள் எட்டிப் பாருங்கள், எந்தப் பைப்பும் சும்மா போகாது. ஒரு வால்விலிருந்து கிளம்பி ஒரு கேஜுக்கோ சிலிண்டருக்கோ போய்ச் சேரும். உங்கள் சுவர்ப் பைப் எங்கே கிளம்பி எங்கே போகிறது? அந்தரத்தில் ஆரம்பித்து அந்தரத்தில் முடிந்தால் அம்மா சொன்னதுதான் சரி. மேஜைக்கடியில் தொங்குகிற கம்ப்யூட்டர் ஒயர்களை அதற்குள் விடுங்கள் (பிசிறு எடுத்துவிட்டு!), பைப்புக்கு ஒரு வேலை கிடைக்கும்.

அப்புறம், அறையில் 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்தானே? அந்த வெளிச்சத்தில் பித்தளை நோயாளி மாதிரி தெரியும். 2700க்கு, அதாவது மஞ்சள் வெளிச்சத்துக்கு, மாற்றுங்கள், பாதி பிரச்சினை அன்றைக்கே தீரும். சுவர் முழு வெள்ளை என்றால் ஒரே ஒரு சுவருக்குக் கரும்பச்சை அடியுங்கள், நாலுக்கும் அடித்தால் 10க்கு 11 அறை கிணறாகிவிடும். மரம் போதவில்லை என்றும் தோன்றுகிறது. வீட்டில் யாரிடமாவது மிதி தையல் மெஷின் இருந்ததா? அந்த வார்ப்பிரும்புக் கால்களும் சக்கரமும் அசல் நீராவிக் காலத்து வடிவம், மேலே ஒரு தேக்குப் பலகை போட்டால் மேஜை. காசு கொடுத்து வாங்குகிற எதுவும் அதற்கு ஈடாகாது.

நீராவிநேசன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

விளக்கைப் பிரித்தேன். இரண்டாவது எல்போவில் ஒயரின் மேல்தோல் ஒரு விரல் நக அகலத்துக்குச் சீவப்பட்டு உள்ளே செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கரண்ட்கம்பி அண்ணா சொன்னபடியே எல்லாம் செய்து, எல்லாத் துண்டிலும் 0.3, 0.4 ஓம் காட்டியது. ஆனாலும் சந்தேகம் வந்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் சுவர் சாக்கெட்டைத் திறந்து காட்டினார், எர்த் ஒயர் எங்கேயும் மாட்டாமல் பெட்டிக்குள் சுருட்டிக் கிடந்தது! இத்தனை வருஷமாக மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். அதைச் சரிசெய்து, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டாயிற்று.

கடிகார வளையம் காந்தத்தில் டக்கென்று ஒட்டியது, தூக்கிப் போட்டேன். தட்டு நிஜம், அக்கா. பல் சக்கரங்களில் பதினைந்தைக் கழற்றிவிட்டேன், மீதி இரண்டு உண்மையிலேயே பல் கடித்துச் சுற்றும், கைப்பிடி வைத்திருக்கிறேன். பெரியம்மா வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் தையல் மெஷின் கால்கள் கிடைத்தன, துருவை எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஈரம் போட்டுத்தான்.

தஞ்சாவூர் கேஜ் நேற்று வந்தது. பின்பக்க வாயில் அடாப்டர் போட்டு சைக்கிள் பம்பை மாட்டி அடித்தேன். முள் முதலில் அசையவே இல்லை, கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினேன், துள்ளி 2ஐத் தாண்டி நின்றது. சத்தம் கேட்டு அம்மா வந்தார். "இன்னொரு தடவை அடி, பார்ப்போம்" என்றார்.