ஃபோர்லான் யுனைடெட்ல ஏன் செட் ஆகல?

உருகுவே ஃபுட்பால் பிளேயர், 2010 வேர்ல்ட் கப்ல கோல்டன் பால் (பெஸ்ட் பிளேயர் அவார்டு) வாங்குனவரு, ஆனா மான்செஸ்டர் யுனைடெட்ல மட்டும் ஏன் சொதப்புனாரு? யாராச்சும் சொல்லுங்கப்பா.

பதில் 1: 2002 ஜனவரில வந்தவருக்கு முதல் கோலே செப்டம்பர்லதான், அதுவும் பெனால்டி, டீம்ல மெயின் ஸ்ட்ரைக்கரா நிஸ்டல்ரூய் இருக்கும்போது சான்ஸ் எங்க கிடைக்கும். ஆனா லிவர்பூலுக்கு எதிரா ஆன்ஃபீல்ட்ல அடிச்ச ரெண்டு கோலை ஃபேன்ஸ் இன்னும் மறக்கல!

பதில் 2: ஸ்பெயின் போனதும் ஆளே வேற. வில்லாரியல்ல 25 கோல், அப்புறம் 2008-09ல அட்லெட்டிகோவுக்கு 32, ரெண்டு தடவையும் ஸ்பெயின் லீக்ல டாப் ஸ்கோரர். 2010 யூரோப்பா லீக் ஃபைனல்ல ஃபுல்ஹாமுக்கு எதிரா ரெண்டு கோலும் இவருதான்.

பதில் 3: அப்பா பாப்லோவும் உருகுவேக்கு வேர்ல்ட் கப் ஆடுனவரு, ரத்தத்துலயே இருக்கு. 2016ல இந்தியன் சூப்பர் லீக்ல மும்பை சிட்டி டீமுக்கு வேற வந்து ஆடுனாரே, ஞாபகம் இருக்கா?

கேட்டவர்: அட, மும்பை மேட்டர் சுத்தமா மறந்தே போச்சு 😄