தாத்தாவின் செட்டப் நோட்டு பேரனுக்கு உதவுமா?

இடதுதிருப்பம்:
வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் ஊரில் போமன் கிரே மைதானம் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்துத் திடலைச் சுற்றிக் கால் மைல் தார்ப்பாதை, சரிவே இல்லாத தட்டைப் பாதை. 1949லிருந்து அங்கே நாஸ்கார் (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பு) பந்தயம் நடக்கிறது. மையர்ஸ் குடும்பத்தில் பில்லி, பாபி சகோதரர்கள் அங்கே ஓட்டினார்கள். அடுத்து பில்லியின் மகன் கேரி, அவருக்குப் பின் கேரியின் மகன்கள் பர்ட், ஜேசன். மூன்று தலைமுறை ஒரே பாதையில்! இப்படிப்பட்ட வீட்டுக்குப் பெரிய சொத்து பணமோ காரோ இல்லை, வருடக்கணக்கில் எழுதிய செட்டப் நோட்டுதான் என்பது என் கட்சி. எந்த வெப்பநிலையில் எந்த ஸ்பிரிங், எந்தக் காற்றழுத்தம், எந்தப் பின்அச்சு கியர் என்பதெல்லாம் அதில் இருக்கும். புதிதாக வருபவர் அதையெல்லாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் தோற்றுத்தான் கற்க வேண்டும்.

வெட்ஜ்போல்ட்:
இதை ஏற்க முடியாது அண்ணே. டயர் மாறிய அன்றே அந்த நோட்டு செத்துப்போகும். எண்கள் மட்டும் இருக்கும், அவை ஏன் வந்தன என்பது இருக்காது.

ஸ்டாகரையே பாருங்கள், அதாவது இரண்டு பின் டயர்களின் சுற்றளவு வித்தியாசம். இடமாகவே சுற்றும் காரில் வலது பின் டயரின் சுற்றளவு இடது பின் டயரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பூல் போட்ட பின்அச்சு இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில்தான் சுழற்றும். வளைவின் ஆரம் 120 அடி, இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே 5.5 அடி, இடது டயர் 82 அங்குலம் என்றால் கணக்குப்படி சுமார் 3.8 அங்குல ஸ்டாகர் வரும். நடைமுறையில் பெரும்பாலும் அவ்வளவு போடுவதில்லை. நேர்ப்பாதையில் கார் இடப்பக்கம் இழுக்கும், வளைவை விட்டு வெளியேறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் நழுவும். எவ்வளவு குறைப்பது என்பது டயரின் பக்கச்சுவர் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. தாத்தா எழுதிய எண் தாத்தா ஓட்டிய டயருக்கு மட்டும்தான்.

இடதுதிருப்பம்:
எண்ணைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை தம்பி. அளக்கும் ஒழுங்கு அந்த நோட்டில் இருக்கிறது. கன்னாபொலிஸ் ஊரின் ரால்ஃப் எர்ன்ஹார்ட் 1956இல் நாஸ்காரின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் பட்டம் வென்றவர், வீட்டை ஒட்டிய கொட்டகையில் கார் கட்டியவர். 1973இல் மாரடைப்பில் போனபோது மகன் டேலுக்கு 22 வயது. அந்த டேல்தான் பிறகு ஏழு முறை நாஸ்காரின் உச்சத் தொடரான கோப்பைப் பட்டம் வென்றார். தந்தை இல்லாமலே மேலே வந்தவருக்கு அந்தக் கொட்டகையில் பார்த்துப் பழகியது உதவவில்லை என்று சொல்ல முடியுமா?

வெட்ஜ்போல்ட்:
பார்த்துப் பழகுவது வேறு, நோட்டு வேறு. நாஸ்காரில் பெயர்பெற்ற பெட்டி (Petty) குடும்பமும் நோட்டை நம்பி எழவில்லை, வேலையைப் பிரித்துக்கொண்டு எழுந்தது. லீ பெட்டி 1959இல் முதல் டேடோனா 500ஐ வென்றார். மகன் ரிச்சர்ட் 200 வெற்றி எடுத்தார். ஆனால் எஞ்சின் கட்டியது ரிச்சர்டின் தம்பி மாரிஸ், குழுத்தலைவர் உறவுக்காரரான டேல் இன்மன்.

இன்றைய உள்ளூர்ப் பாதையில் அந்த எஞ்சின் கையே வேண்டாமே! பல வகுப்புகளில் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) முழுதாகக் கட்டி சீல் வைத்துத் தரும் கிரேட் எஞ்சின்தான்: 602 மாடல் என்றால் 350 குதிரைத்திறன், 604 என்றால் 400. சீல் போல்ட்டைத் தொட்டால் தகுதி நீக்கம். கார்புரேட்டர் ஜெட்டும் தீப்பொறி நேரமும்தான் உங்கள் கையில் மிச்சம். மாரிஸ் மாதிரி ஒருவர் வீட்டில் இருந்தாலும் அந்த வகுப்பில் அவருக்கு வேலை குறைவு.

இடதுதிருப்பம்:
எஞ்சின் சமமாகிவிட்டது என்றால் ஜெயிப்பது சேஸிஸில்தானே? அப்போது நோட்டின் மதிப்பு கூடுகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் வைத்து எடை பார்க்கும் எடைப்பலகை வேலையை எடுங்கள். மொத்தம் 2,800 பவுண்டு: இடமுன் 780, வலமுன் 640, இடப்பின் 790, வலப்பின் 590 என்று வைப்போம். இடப்பக்கம் 1,570, அதாவது 56 சதவீதம். வலமுன், இடப்பின் இரண்டும் சேர்ந்தால் 1,430, அதாவது கிராஸ் (குறுக்கு மூலைகளின் எடை) 51 சதவீதம். இடப்பின் ஸ்பிரிங்கை அழுத்தும் ஜாக் போல்ட்டை இறுக்கினால் கிராஸ் ஏறும், கார் டைட் ஆகும், அதாவது வளைவில் திரும்ப மறுக்கும். தளர்த்தினால் எளிதாகத் திரும்பும். போல்ட்டை எத்தனை சுற்று திருப்பினால் எத்தனை பவுண்டு மாறும் என்பது ஒவ்வொரு காருக்கும் வேறு. அதை எழுதி வைத்திருப்பவர் பயிற்சி ஓட்டத்தின் இடைவெளியிலேயே சரி செய்துவிடுவார்.

வெட்ஜ்போல்ட்:
அந்த எழுத்து பொய்யாவது எங்கே தெரியுமா? வலது பின் டயரைச் சுற்றளவில் ஒரு அங்குலம் பெரிதாகப் போட்டால் அந்த மூலை 0.16 அங்குலம் உயரும். எடை வலப்பின்னுக்கும் இடமுன்னுக்கும் போகும், கிராஸ் இறங்கும். எடை பார்த்த பிறகு ஸ்டாகரை மாற்றிவிட்டு "51இல்தான் இருக்கிறோம்" என்று நம்புகிறவர்கள் ஏராளம். முதலில் காற்றழுத்தம், பிறகு ஸ்டாகர், சம தளத்தில் எடைப்பலகை, ஓட்டுநர் எடை இருக்கையில், ஸ்வே பார் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றி. இந்த வரிசை தவறினால் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. ஸ்பிரிங்கும் அப்படித்தான். மேலே அச்சிட்ட எண்ணை நம்பாமல் சோதனைக் கருவியில் அமுக்கிப் பார்க்க வேண்டும், பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

கூண்டுக்கம்பி:
நடுவில் ஒன்று. வீட்டுக் கொட்டகையில் பரம்பரையாகக் கொடுக்கவே கூடாதவை இருக்கின்றன. எஸ்எஃப்ஐ என்ற பாதுகாப்புத் தர அமைப்பின் 16.1 தர சீட் பெல்ட்டுக்கு உற்பத்தித் தேதியிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. வெயிலில் நைலான் பட்டை வலுவிழக்கும், கண்ணுக்குத் தெரியாது. "அப்பா போட்ட பெல்ட், ஒரு கீறல் இல்லை" என்பது காரணமே ஆகாது.

பெட்டி குடும்பத்தின் நான்காம் தலைமுறை ஆடம், 2000 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சியின்போது இறந்தார். வயது 19. ஜூலையில் அதே பாதையில் இன்னொரு ஓட்டுநர் கென்னி இர்வினும் இறந்தார். ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டது என்ற சந்தேகத்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் ஸ்டீயரிங்கில் கட்டாயமானது. 2001 பிப்ரவரியில் டேல் எர்ன்ஹார்ட் போனார். அந்த அக்டோபரில் தலை-கழுத்துத் தாங்கி கட்டாயம். உள்ளூர்ப் பாதையில் விதி தளர்வாக இருந்தாலும் மூன்றையும் செய்யுங்கள்: த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலேட்டர் திறக்கும் வால்வு) இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங், பெடலில் கால்விரல் தூக்கும் பட்டை, கை எட்டும் சுவிட்ச். எஞ்சின் ஓடாதபோது பெடலை முழுக்க மிதித்து விடுங்கள். பானட்டை மூடிய பிறகும் ஒருமுறை செய்யுங்கள், ஏர்க்ளீனர் தட்டு லிங்க்கேஜில் இடிப்பது அப்போதுதான் தெரியும்.

இடதுதிருப்பம்:
கூண்டுக்கம்பி சொன்னதில் மாற்றுக்கருத்தே இல்லை. வெட்ஜ்போல்ட், உங்கள் டயர் வாதத்துக்கு நோட்டிலேயே பதில் இருக்கிறது: ஒவ்வொரு பக்கத்திலும் டயரின் பேட்ச் எண், ட்யூரோமீட்டர் அளவு (ரப்பரின் கடினம்), ஓட்டத்துக்கு முன் ஸ்டாகர், ஓடி வந்த சூட்டில் ஸ்டாகர். வலது பின் டயர் சூடேறினால் விரியும், அந்த இரண்டாவது எண்தான் கடைசிப் பத்து சுற்றில் கார் ஏன் மாறியது என்று சொல்லும். பயாஸ் டயருக்குக் (இழைகள் குறுக்காக ஓடும் வகை) கூடுதல் காற்றேற்றி வெயிலில் வைத்து விரித்திருந்தால் அதையும் குறிக்க வேண்டும்.

வெட்ஜ்போல்ட்:
அந்த நான்கும் இருக்கும் பக்கங்களை நானும் எடுத்துக்கொள்வேன். அவை இல்லாத பக்கங்களில் கியர் விகிதத்தையும் சுற்று நேரத்தையும் மட்டும் படிப்பேன். மற்றதைத் தொடமாட்டேன்.